ஓடும்போதே இடம் மாறும் கணினி

ஒரு சர்வரை ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்கு மாற்ற வேண்டுமென்றால், அப்போதெல்லாம் முதல் வேலை, முதல்வரிடம் ஒரு சனிக்கிழமை ராத்திரியைக் கேட்டு வாங்குவது. 2000களின் தொடக்கம், கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மையம். மின்னஞ்சலுக்கு ஒரு மிஷின், இணையத்துக்கான ப்ராக்ஸிக்கு ஒன்று, மாணவர் மதிப்பெண்ணுக்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும். அதில் ஒன்றைப் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டி வந்தால், வெகு நாள் முன்னதாகவே சுற்றறிக்கை போகும். ஒவ்வொரு துறைத் தலைவரும் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது ஒருவர், அன்றைக்கு எங்கள் துறையில் கருத்தரங்கம் என்று எழுதி அனுப்பினால் அடுத்த சனிக்கிழமைதான்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சேவையை நிறுத்துவோம். முதலில் டேப் பேக்கப். உள்ளங்கையில் அடங்கும் கேசட்டில் முழுவதையும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பதற்குள் நடுராத்திரி தாண்டிவிடும். பிறகு புது மிஷினில் லினக்ஸ் ஏற்றுவோம். அதன் ரெய்டு கார்டை லினக்ஸுக்கு அடையாளம் தெரியாமல் போனால், டிரைவரை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. எல்லாம் ஏறி, ஃபைல்கள் திரும்பி, பழைய ஐ.பி. முகவரியைப் புது மிஷினுக்குக் கொடுத்த பிறகும் வேலை முடியாது. ரவுட்டர் தன் நினைவில் பழைய நெட்வொர்க் கார்டின் எண்ணையே வைத்திருக்கும். அது மறக்கிறவரை புது மிஷினுக்கு ஒரு பாக்கெட்டும் வந்து சேராது. ஞாயிறு மதியம் ஹாஸ்டலிலிருந்து யாராவது ஒரு பையன், ‘மெயில் வருது சார்’ என்று வந்து சொன்னால்தான் வீட்டுக்குப் போகலாம்.

இத்தனைக்கும் மாற்றப்படுவது ஒரு மென்பொருள். ஆனால் அது ஓர் இரும்புப் பெட்டியோடு பிணைந்து கிடந்தது. பெட்டியின் ஃபேன் நின்றால் கல்லூரிக்கே மின்னஞ்சல் நின்றது. அதை யாரும் குறையாக எண்ணவில்லை. கணினி என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று பெரிய கணினிகளின் உலகத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம்.மின் ஆய்வு மையத்தில் 1960களிலேயே ஒரு கணினியைப் பல கணினிகளாகக் காட்டும் மென்பொருளை எழுதிவிட்டார்கள். 1972-ல் வி.எம்./370 என்ற பெயரில் அது சந்தைக்கே வந்துவிட்டது. நம் மேசைமேல் இருந்த இன்டெல் வகைக் கணினிகளுக்கு அந்த வசதி இல்லை. அந்தச் சில்லின் சில கட்டளைகளை இடையில் மறித்துப் பிடிக்க முடியாது. மறிக்க முடியாத இடத்தில், விருந்தாளியாக உள்ளே ஓடும் இயங்குதளத்தை ஏமாற்றவும் முடியாது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே வேறாக மாற்றி எழுதி இந்தத் தடையைத் தாண்டியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸென், விருந்தாளி இயங்குதளத்தையே கொஞ்சம் திருத்தி எழுதி அதே இடத்துக்கு வந்தது. அதன் ஆய்வுக் கட்டுரை 2003-ல் வெளியானது. சில்லிலேயே இதற்கான வசதியை இன்டெல் 2005-லும் ஏ.எம்.டி. 2006-லும் கொடுத்தன.

விஎம்வேர் 2003-லேயே விமோஷன் என்ற பெயரில், ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை, அதாவது இப்படி மென்பொருளால் உருவாகும் மெய்நிகர் கணினியை, நிறுத்தாமல் வேறு மிஷினுக்கு மாற்றும் வசதியை விற்கத் தொடங்கியிருந்தது. அதன் விலை எங்கள் கல்லூரி எட்டிப் பார்க்கக்கூடிய உயரத்தில் இல்லை. 2005-ல் ஸென் குழுவினரும் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று எனக்குக் கிடைத்தது. க்வேக் 3 என்ற விளையாட்டின் சர்வரை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு மிஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியிருந்தார்கள். ஆட்டம் நின்ற நேரம் 60 மில்லி விநாடி. அந்தக் கட்டுரையை பிரிண்ட் எடுத்து, பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்தேன். நாங்கள் சனி இரவிலிருந்து ஞாயிறு மதியம்வரை சேவையை நிறுத்திச் செய்த வேலைக்கு, அங்கே சேவை நின்றது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மென்பொருளோ இலவசம். செய்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அதன் சூட்சுமம் இதுதான். ஒரு வி.எம். என்பது என்ன? ரேமில் உள்ளது கொஞ்சம், பிராசஸரின் ரெஜிஸ்டர்களில் உள்ள எண்கள் சில, டிஸ்க்காக நிற்கும் ஒரு ஃபைல். டிஸ்க்கை, வி.எம்.களைத் தாங்கும் மிஷின்களான இரண்டு ஹோஸ்ட்டுக்கும் பொதுவான இடத்தில் வைத்துவிட்டால் அதை நகர்த்த வேண்டியதில்லை. ரேமை மட்டும் நெட்வொர்க் வழியே அனுப்பினால் போதும். ஆனால் வி.எம். ஓடிக்கொண்டிருக்கிறது, அனுப்பிய பக்கத்தையே, அதாவது ரேமின் ஒரு சிறு துண்டையே, அது அடுத்த கணம் மாற்றி எழுதிவிடும். அதனால் முதல் சுற்றில் முழு ரேமையும் அனுப்புவார்கள். அதற்குள் மாறிய பக்கங்களைக் குறித்து வைத்து, இரண்டாம் சுற்றில் அவற்றை மட்டும் அனுப்புவார்கள். அதற்குள் மாறியவை மூன்றாம் சுற்றில். மிச்சம் மிகக் கொஞ்சமாகிவிட்டது என்ற நிலை வந்ததும், ஒரு கண நேரம் வி.எம்.மை நிறுத்தி, அந்த மிச்சத்தையும் ரெஜிஸ்டர்களையும் அனுப்பி, அந்தப் பக்கம் ஓடவிடுவார்கள். அங்கே எழுந்ததும் வி.எம்.மின் சார்பில் ‘இந்த ஐ.பி. இனிமேல் இங்கே’ என்று நெட்வொர்க் முழுவதற்கும் ஓர் அறிவிப்புப் போகும். ரவுட்டர் மறக்கட்டும் என்று நாங்கள் விழித்துக் காத்துக்கிடந்த அந்தத் தொல்லைக்கு ஒரே ஒரு பாக்கெட்டில் முடிவு.

இது ஊறிக்கொண்டே இருக்கும் கிணற்றை இறைப்பது. இறைக்கிற வேகம் ஊற்றை மிஞ்சினால்தான் தரை தெரியும். நெட்வொர்க்கின் வேகத்தைவிட வி.எம். தன் ரேமை மாற்றி எழுதும் வேகம் அதிகமென்றால், எத்தனை சுற்று அனுப்பினாலும் மிச்சம் குறையவே குறையாது. பிற்பாடு நான் கண்ட மைக்ரேஷன் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கில்தான் வந்து நின்றன.

கழித்துப்போட்ட லேப் கணினிகளில் ஒரே மாதிரி இரண்டைத் தேடி எடுத்து ஹோஸ்ட் ஆக்கினோம். மூன்றாவது ஒன்று, இரண்டுக்கும் பொதுவான என்.எஃப்.எஸ். ஸ்டோரேஜ். நடுவில் விலை குறைந்த ஒரு கிகாபிட் சுவிட்ச். ஸென் அமைப்பு ஃபைலில் இடமாற்றத்தை அனுமதிக்கும் வரிக்கு முன்னால் இருந்த குறியை எடுத்து, 8002 என்ற போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். இரண்டு ஹோஸ்ட்டிலும் நெட்வொர்க் ப்ரிட்ஜின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைப் பெயர் சொல்லி அழைத்தால் பதில் வர வேண்டும். இவை எல்லாம் சரியான அன்று, 512 எம்.பி. ரேம் கொடுத்த ஒரு வி.எம்.மை எழுப்பி, பக்கத்து மேசையிலிருந்து அதற்குப் பிங் ஓடவிட்டு, கட்டளையைத் தட்டினேன். சில விநாடி. பிங் வரிசையில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிருந்தது. அதற்கு அடுத்தது வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கப் பட்டியலில் வி.எம். இல்லை. அந்தப் பக்கம் இருந்தது. முதல் ஹோஸ்ட்டின் மின்கம்பியைப் பிடுங்கிப் பார்த்தேன். பிங் ஓடிக்கொண்டே இருந்தது.

லேப் டெக்னீசியன் அண்ணன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ சனிக்கிழமைகள் எங்களோடு கண்விழித்தவர். “ஏனுங் சார், ஆளு அந்த மிஷினுக்குப் போயிட்டாருங்களா? பேச்சே நிக்கலீங்களே!” என்றார். அதைவிடச் சரியாக அதைச் சொல்ல எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் சும்மா இருக்கும் வி.எம்.மை மாற்றிக் காட்டுவது சோதனை ஆகாது. அதன் ரேமில் மாறுகிற பக்கம் மிகக் குறைவு, யார் செய்தாலும் இடம் மாறிவிடும். முதலில் ஒரு வகுப்புப் பாட வீடியோவை அந்த வி.எம்.மிலிருந்து ஓடவிட்டு, புரொஜெக்டரில் காட்டி, நடுவில் மாற்றினோம். படம் துளியும் நிற்கவில்லை. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அதுவும் சோதனை ஆகாது. வீடியோ ப்ளேயர் அடுத்த சில விநாடிகளுக்கான படத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கும். சர்வர் இரண்டு விநாடி செத்திருந்தாலும் திரையில் தெரியாது. அதனால் ஒரு சின்ன நிரல் எழுதினோம். விநாடிக்குப் பத்து முறை ஒரு வரிசை எண்ணையும் நேரத்தையும் டேட்டாபேஸில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாற்றி முடித்தபின் அந்த அட்டவணையைத் திறந்து, எந்த இடத்தில் நேரம் தாவியிருக்கிறது, எந்த எண் காணவில்லை என்று பார்ப்போம். கூடவே ஒரு பெரிய ஃபைலை நகலெடுக்கவிட்டு, முடிந்ததும் அதன் செக்சம் பார்ப்போம். சேவை நின்ற நேரம் எவ்வளவு, எழுதியது கெட்டதா இல்லையா என்ற இரண்டு கேள்விக்கும் விடை அப்போதுதான் கிடைத்தது.

அந்த அட்டவணைதான் கடிகாரத்தையும் காட்டிக்கொடுத்தது. ஓர் இடமாற்றத்தில் நேரம் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போயிருந்தது. ஸெனில் வி.எம்.மின் கடிகாரம், தான் குடியிருக்கும் ஹோஸ்ட்டின் கடிகாரத்தைப் பின்பற்றும். போய்ச் சேரும் ஹோஸ்ட்டின் கடிகாரம் சில விநாடி பின்தங்கியிருந்தால், இடம் மாறியதும் வி.எம். அத்தனை விநாடி பின்னுக்குப் போய்விடும். இது சின்ன விஷயமாகப் படலாம். ஆனால் அன்றைய டவ்காட் மெயில் சர்வர், நேரம் பின்னால் போவதைக் கண்டால் அதை லாக்கில் எழுதிவிட்டுத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். இடமாற்றம் வெற்றி என்று திரையில் வந்திருக்கும், பிங்கும் வந்துகொண்டிருக்கும், மெயில் மட்டும் செத்திருக்கும். இரண்டு ஹோஸ்ட்டும் ஒரே டைம் சர்வரைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்வதை உறுதி செய்த பிறகுதான் மெயிலை வி.எம்.முக்குள் கொண்டுவந்தோம்.

பிராசஸர் இன்னும் நுட்பமான எதிரி. கொஞ்ச காலம் கழித்து ஒரு ஹோஸ்ட் புதிதாக வந்தது. பழையதில் எழுப்பிய வி.எம். புதியதற்குப் போனது, திரும்பி வந்தது, ஒரு குறையும் இல்லை. புதியதில் எழுப்பிய வி.எம். பழையதற்குப் போனதும், அதற்குள் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் செத்து விழுந்தன. காரணம் இது: பல நிரல்கள் எழும்போது ஒரே ஒரு முறை, இந்த பிராசஸருக்கு என்னென்ன கட்டளை தெரியும் என்று கேட்டு வைத்துக்கொள்ளும். எழுந்த இடத்தில் தெரிந்த கட்டளை, போய்ச் சேர்ந்த இடத்தில் தெரியாவிட்டால் அங்கேயே முடிவு. ஆகவே போய்விட்டு வருகிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. இந்த ஹோஸ்ட்டில் எழுப்பி அங்கே அனுப்ப வேண்டும். அந்த ஹோஸ்ட்டில் எழுப்பி இங்கே அனுப்ப வேண்டும். இரண்டும் வேறு வேறு சோதனைகள். பிறகு விஎம்வேர், ஒரு கூட்டத்திலுள்ள எல்லா ஹோஸ்ட்டையும் பழைய பிராசஸரின் அளவுக்கு இறக்கிக் காட்டும் வசதியை 2008-ல் கொண்டுவந்தது. லினக்ஸோடு வரும் கே.வி.எம்.மிலும் குறைந்தபட்சப் பொது பிராசஸர் மாதிரியைத் தேர்ந்து கொடுக்கலாம். அந்த அமைப்பைப் பார்க்காமல், ஹோஸ்ட்டில் உள்ளது உள்ளபடியே என்று விட்டுவிடும் இடங்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும்விட நெஞ்சு பதைத்தது, இரண்டு பக்கமும் ஒரே வி.எம். உயிரோடு இருக்கும் நிலையைப் பார்த்தபோதுதான். அதை வேண்டுமென்றே செய்தோம். தூக்கி எறியக்கூடிய ஒரு டிஸ்க் ஃபைலை எடுத்துக்கொண்டு, அதே வி.எம்.மை இரண்டு ஹோஸ்ட்டிலும் தனித்தனியாக எழுப்பினோம். யாரும் தடுக்கவில்லை. என்.எஃப்.எஸ். தடுக்கவில்லை, ஸெனும் தடுக்கவில்லை. இரண்டும் தான்தான் உரிமையாளர் என்ற நம்பிக்கையில் ஒரே ஃபைல் சிஸ்டத்தில் எழுதத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் ஒன்று பிழை காட்டிப் படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போயிற்று. இரண்டையும் நிறுத்தி டிஸ்க்கைச் சரிபார்க்கும் நிரலை ஓட்டினோம். பெயர் தொலைந்து வெறும் எண்களாகிப் போன ஃபைல்கள் ஒரு கோப்புறை நிறையக் கிடந்தன. சிலவற்றின் உள்ளே ஒரு ஃபைலின் பாதியும் இன்னொன்றின் பாதியும். அது மாணவர் மதிப்பெண்ணாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு, இடமாற்றத்தின் நடுவில் கேபிளைப் பிடுங்குவதை எங்கள் சோதனையின் நிரந்தரப் பகுதியாக்கினோம். முதல் சுற்றில் பிடுங்கினால் பழைய ஹோஸ்ட்டிலேயே வி.எம். தொடர்ந்து ஓட வேண்டும். கடைசிக் கட்டத்தில் பிடுங்கினால் ஏதாவது ஒரு பக்கம் மட்டும் இருக்க வேண்டும். ஸெனின் பட்டியலில், பாதியில் நின்ற வி.எம். தன் பெயருக்கு முன்னால் ‘மைக்ரேட்டிங்’ என்ற ஒட்டோடு தொங்கிக்கொண்டிருக்கும். அது உயிரா பிணமா என்று இரண்டு ஹோஸ்ட்டிலும் பார்த்த பிறகே அடுத்த கட்டளை. ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர் நோட்டில் எழுதுவார்.

இவ்வளவு பாடுபட்டது எதற்கென்று சில காலத்திலேயே தெரிந்தது. 2008 தொடங்கி சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படியிருந்தது என்பது சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் போனதும் யு.பி.எஸ்.; ஜெனரேட்டருக்கு டீசல் இருந்தால் அது; இல்லையென்றால் யு.பி.எஸ். இருக்கும்வரை. கரண்ட் போனதும் எல்லா வி.எம்.களையும் ஒரே ஹோஸ்ட்டுக்கு ஓட்டிவிட்டு மற்றதை அணைத்துவிடுவோம். பாதிச் சுமையில் யு.பி.எஸ். கணிசமாகக் கூடுதல் நேரம் தாங்கும். யாருடைய வேலையும் தடைபடாது. இதற்காகவே ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ரேமில் பாதியைக் காலியாகவே வைத்திருந்தோம். இவ்வளவு ரேம் எதற்குச் சும்மா கிடக்கிறது என்று தணிக்கைக்கு வந்தவர் கேட்டார். அன்று மாலை மின்வெட்டின்போது அவரையே நிற்கவைத்துக் காட்டினோம். அறிக்கையில் அந்தக் கேள்வி வரவில்லை.

சுற்றறிக்கை தேவையற்றுப் போனது. சனிக்கிழமைகள் எங்களுடையவை ஆயின. 2010-ல் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஆறாம் பதிப்பு ஸெனை விட்டுவிட்டு கே.வி.எம்.முக்கு மாறியது, கட்டளையின் பெயர் மாறியது, சோதனை நோட்டு மாறவில்லை.

இப்போது சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே நாளுக்கு எத்தனை வி.எம். இடம் மாறுகிறது என்று எவரும் எண்ணுவதில்லை. ஒரு ஹோஸ்ட்டில் சுமை கூடினால் மென்பொருளே பார்த்து மாற்றிவிடுகிறது. கூகுள் 2013 இறுதியிலிருந்தே தன் வாடிக்கையாளர்களின் வி.எம்.களை அவர்களுக்குத் தெரியாமலே இப்படி மாற்றிப் பராமரிப்பு வேலை செய்கிறது. 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகள் வெளிவந்தபோது, உலகெங்கும் ரீபூட் செய்யச் சொல்லிக் கடிதங்கள் பறந்தன. ஹோஸ்ட்களைச் சரிசெய்ய வாடிக்கையாளர்கள் ரீபூட் செய்யத் தேவையில்லாமல் கூகுள் முடித்தது இந்த இடமாற்றத்தால்தான். நான் பஸ்ஸில் படித்த கட்டுரை இன்று தண்ணீர்க் குழாய் அளவுக்குச் சாதாரணமாகிவிட்டது. அதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

ஆனால் சாதாரணமானதும் சோதனை போய்விட்டது. புதிதாக இரண்டு ஹோஸ்ட் சேர்த்தபோது, மைக்ரேஷன் டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று குழுவில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். “சார், ரைட் க்ளிக் பண்ணி மைக்ரேட் குடுத்தா போயிடும் சார். அதுல டெஸ்ட் பண்ண என்ன இருக்கு?” என்றார். கெட்டிக்காரப் பையன், நான் அவர் வயதில் அறிந்திருந்ததைவிடப் பல மடங்கு அறிந்தவர். அவர் சொன்னது பொய்யுமில்லை. சும்மா கிடந்த ஒரு வி.எம்.மை மாற்றிக் காட்டினார்; போனது.

“டேட்டாபேஸ் ஓடுறதை மாத்திக் காட்டுங்க தம்பி. ராத்திரி பேட்ச் ஓடுற நேரத்துல,” என்றேன்.

அந்த டேட்டாபேஸ் வி.எம்.முக்கு 256 ஜி.பி. ரேம். பத்து கிகாபிட் நெட்வொர்க்கில் ஒரு சுற்று அனுப்பவே ஏறக்குறைய நான்கு நிமிடம். ராத்திரி பேட்ச், அதாவது தொகுப்பு வேலை, ஓடும்போது அது தன் ரேமைப் புரட்டி எழுதும் வேகம் அனுப்பும் வேகத்தை எட்டிவிட்டது. சதவீதக் கோடு தொண்ணூறைத் தாண்டி, திரும்ப இறங்கி, மறுபடி ஏறியது. மிச்சம் குறையாததைக் கண்ட மென்பொருள், வி.எம்.மின் பிராசஸரையே மெதுவாக்கத் தொடங்கியது. இடமாற்றம் ஒருவழியாக முடிந்தது. அதற்குள் பேட்ச் வேலை தன் நேரக் கெடுவைத் தாண்டி நின்றுவிட்டது. பிங்கில் ஒரு பாக்கெட்கூடத் தவறவில்லை. தம்பி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “போஸ்ட் காப்பி போட்டுப் பாக்கலாமா சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த முறையில் வி.எம். முதலில் அங்கே எழுந்துவிடும். ரேம் பிறகு கேட்கக் கேட்க வரும். கிணறு இறைக்கும் கணக்கே அதில் இல்லை. ஆனால் நடுவில் நெட்வொர்க் அறுந்தால் பாதி ரேம் இங்கே, பாதி அங்கே. இணைப்பைத் திரும்பப் பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் வி.எம். இல்லை. கேபிளைப் பிடுங்கிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள் என்றேன். பிடுங்கிப் பார்த்தார். அந்த டேட்டாபேஸுக்கு வேண்டாம் என்று அவரே எழுதிவிட்டார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தாவுக்கு மாற்றியது. செலவுக் கணக்குப் போட்டுப் பார்த்த பல அலுவலகங்கள் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற, கே.வி.எம்.மில் நிற்கும் மென்பொருள்களுக்கு மாறக் கிளம்பின. எங்கள் அலுவலகமும் கிளம்பியது. ஒரே வகை மென்பொருளுக்குள்தான் வி.எம். ஓடிக்கொண்டே இடம் மாறும். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு அப்படி மாறாது. வி.எம்.மை நிறுத்த வேண்டும். டிஸ்க் ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே எழுப்ப வேண்டும். விண்டோஸ் வி.எம்.மில் புதிய டிஸ்க் டிரைவரை முன்கூட்டியே ஏற்றியிருக்காவிட்டால், பூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று நீலத் திரையில் நின்றுவிடும். லினக்ஸ் வி.எம்.மில் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறிப்போய், கையால் எழுதிவைத்த ஐ.பி. முகவரி, இப்போது இல்லாத ஒரு கார்டுக்காகக் காத்துக்கிடக்கும்.

ஆக, மில்லி விநாடியில் இடம் மாற்றக் கற்றுக்கொண்ட தொழில், சுற்றறிக்கை அனுப்பி, துறைகளிடம் சம்மதம் வாங்கி, வாரக் கடைசி ராத்திரியில் சேவையை நிறுத்தி வேலை பார்க்கிறது. ஃப்ளாப்பியில் டிரைவர் கொண்டுபோன காலத்தைத் தம்பியிடம் சொன்னேன். அவர் அன்று செய்துகொண்டிருந்ததும் டிரைவர் ஏற்றும் வேலைதான். முன்பு இரும்புப் பெட்டியோடு பிணைந்து கிடந்த சர்வர், இப்போது ஒரு நிறுவனத்தின் உரிமப் பத்திரத்தோடு பிணைந்து கிடக்கிறது. இரும்பிலிருந்து விடுவிப்பது பொறியியல் வேலை, அதைச் செய்துவிட்டோம். உரிமத்திலிருந்து விடுவிப்பது, கையெழுத்துப் போடும் நாளிலேயே யோசிக்க வேண்டியது. எந்த மென்பொருளை வாங்கினாலும், அதிலிருந்து வெளியேற எத்தனை ராத்திரி ஆகும் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும் என்று இப்போது எங்கள் கொள்முதல் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

இரண்டு ஹோஸ்ட் உள்ள எந்த இடத்தில் வேலை பார்த்தாலும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் உள்ளதிலேயே கனமான வி.எம்.மின் நகல் ஒன்றை எடுத்து, அது உச்சத்தில் வேலை செய்யும்படி சுமை கொடுத்து, இந்த ஹோஸ்ட்டிலிருந்து அங்கும், அங்கே எழுப்பி இங்கும் மாற்றிப் பாருங்கள். நடுவில் ஒரு முறை கேபிளைப் பிடுங்குங்கள். கடிகாரத்தையும் டிஸ்க்கையும் சரிபாருங்கள். ஒரு ஹோஸ்ட்டை முழுதாக அணைத்துவிட்டு, மற்றது எல்லாச் சுமையையும் தாங்குகிறதா என்று ஒரு வேலை நாளில் பாருங்கள். ஒவ்வொரு முறை ஹோஸ்ட் மாறும்போதும், பதிப்பு மாறும்போதும் இதையே திரும்பச் செய்யுங்கள். அந்த முடிவுகள் கையில் வருவதற்கு முன்னால், எங்களிடம் லைவ் மைக்ரேஷன் இருக்கிறது என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.